வார்டில் பி.பி. மட்டும்தான் பார்க்கச் சொல்கிறார்கள், நான் எப்படிக் கற்றுக்கொள்வது?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தஞ்சாவூர் வந்து பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு. தியரியில் நல்ல மார்க் வருகிறது. ஆனால் வார்டு போஸ்டிங் போனால் பி.பி., டெம்பரேச்சர் பார்ப்பது, பெட் போடுவது, சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, இவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் சுவரோரம் நிற்கிறோம். ஸ்டாஃப் அக்காக்களிடம் ஏதாவது கேட்டால் 'இப்ப நேரமில்லம்மா' என்கிறார்கள். செய்யாத ப்ரொசீஜருக்கும் சேர்த்து லாக் புக்கில் எல்லோரும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இன்னும் ஒன்றரை வருடத்தில் நானே ஸ்டாஃப் நர்ஸ். நினைத்தாலே பயமாக இருக்கிறது. தோழிகள் வேலைத் தேர்வுக்கு இப்போதே கோச்சிங் சேரச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: பி.பி., டெம்பரேச்சர் மட்டும்தான் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். மாணவிகளைப் பல வருடமாக வார்டுக்கு அழைத்துப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வேலையை முழுசாகச் செய்யக் கற்றுக்கொண்டவர்கள் பின்னால் நல்ல நர்ஸாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த போஸ்டிங்கில் நாலைந்து சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள். மூச்சு எண்ணிக்கை எழுதும் கட்டத்தில் 18, 20, 18, 20 என்றே வரிசையாக இருந்தால், யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். ஒரு நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்றால் பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான், பி.பி. விழுவது அதற்கு அப்புறம். ஆனால் வார்டில் சாதாரணமாக வைத்திருக்கும் மெஷின் காட்டாத எண் என்பதால் அதை அப்படியே விட்டுவிடுகிறோம். நீங்கள் எண்ணுங்கள். நோயாளியிடம் 'மூச்சு எண்ணப் போறேன்' என்று சொல்லாதீர்கள், சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே, மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது வேண்டாம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 26 வந்தால், இன்னொரு முறை எண்ணிவிட்டு ஸ்டாஃபிடம் போய்ச் சொல்லுங்கள்.

நம் ஊரில் இது வெறும் பயிற்சி இல்லை. மழைக்காலத்தில் சம்பா வயலில் வேலை நடக்கும் மாதங்களில் டெல்டாவின் மருத்துவமனைகளுக்குப் பாம்புக்கடி வந்துகொண்டே இருக்கும். கட்டுவிரியன் கடித்தவரைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ராத்திரியில், தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ அதிகம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், அப்புறம் இமை சரியும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு விடும் தசைகள் சோர்ந்துபோகும். அப்படி ஒருவரைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி உங்களை நிறுத்தினால், உங்களிடம் ஒப்படைத்திருப்பது அவருடைய மூச்சை. மணிக்கொரு முறை இமையைப் பாருங்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எதுவரை எண்ண முடிகிறது என்று கேட்டு எழுதுங்கள். எட்டு மணிக்கு 25 வரை எண்ணியவர் பத்து மணிக்கு 12-இல் நின்றால், அந்த எண்ணை உடனே ஸ்டாஃபிடமும் டியூட்டி டாக்டரிடமும் சேர்ப்பது அந்த நேரத்தில் வார்டிலேயே முக்கியமான வேலை. மருந்து கொடுப்பதைவிடக் குறைந்தது இல்லை.

சாம்பிள் கொண்டுபோவதையும் அப்படித்தான் பார்க்கணும். கண்ணாடி விரியன் கடிக்கு 20 நிமிட ரத்தம் உறையும் சோதனை செய்வார்கள். பார்க்க மிகச் சாதாரணம்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைப்பது, அப்புறம் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. ரத்தம் கட்டியாகாமல் ஓடினால், உறைய வைக்கும் பொருள்களை விஷம் தீர்த்துவிட்டது என்று தெரியும். விஷமுறிவு மருந்தை டாக்டர் முடிவு செய்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது உங்களையே கேளுங்கள். ஏன் கண்ணாடி? கண்ணாடி பட்டால்தான் உறைதல் சீக்கிரம் தொடங்கும். பிளாஸ்டிக் குழாயில் நல்ல ரத்தமே உறையாமல் இருக்கலாம். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயை ஏன் எடுக்கக்கூடாது? ஒட்டியிருக்கும் சோப்பும் உறைவதைக் கெடுக்கும். நடுவில் ஏன் ஆட்டிப் பார்க்கக்கூடாது? கட்டியாகிக்கொண்டிருப்பதைக் கலைத்துவிடுவீர்கள். குழாய் தப்பு என்றால் முடிவும் தப்பு. கையில் குழாயோடு நிற்கிற மாணவிக்கு இந்த மூன்று 'ஏன்' தெரிந்திருந்தால் அன்றைய போஸ்டிங் வீணாகவில்லை.

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990-இல் கற்றலை நான்கு படியாகப் பிரித்தார். விஷயம் தெரியும், எப்படிச் செய்வது என்று சொல்லத் தெரியும், ஒருவர் பார்க்கச் செய்து காட்ட முடியும், அன்றாட வேலையில் தானாகவே செய்கிறார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படியைத்தான் தொடும். உங்களுக்கு நல்ல மார்க் வருவதும் வார்டில் கை நடுங்குவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. நீங்கள் இரண்டாவது படியில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். மூன்றாவதுக்கு ஏற ஒரே வழி, யாராவது பார்க்கச் செய்வது. தனியாக நூறு முறை செய்தாலும் செய்கிற தப்பே கைக்குப் பழகும்.

யார் பார்ப்பார்கள்? இங்கேதான் எல்லோரும் முட்டிக்கொள்கிறார்கள். ஸ்டாஃப் அக்காக்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஒருவரே எத்தனை பெட்டைச் சமாளிக்கிறார் என்று நீங்களே பார்க்கிறீர்கள். கேட்கிற நேரத்தையும் விதத்தையும் மாற்றிப் பாருங்கள். காலை டியூட்டி மாறும் நேரம், டாக்டர் ரவுண்ட்ஸ் நேரம், மருந்து கொடுக்கும் நேரம் இந்த மூன்றிலும் கேள்வி கேட்காதீர்கள். ரவுண்ட்ஸ் முடிந்து கொஞ்சம் மூச்சு விடும் நேரம் ஒவ்வொரு வார்டிலும் இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். 'ஏதாவது சொல்லிக்கொடுங்க அக்கா' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. 'அக்கா, அஞ்சாம் பெட்டுக்கு இன்சுலின் போடணும். நான் எடுக்கிறதை மட்டும் நின்னு பாருங்க, எதை மாத்தணும்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க' என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இன்சுலினைச் சும்மா சொல்லவில்லை. நம் நாட்டில் மருந்துக் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சு தனி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு. அதை 40 சிரிஞ்சில் கோடு பார்த்து எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை ஒருவர் பார்த்துத் திருத்தினால்தான் அது கையில் நிற்கும். அதுவரை எந்த ஊசியையும் மேற்பார்வை இல்லாமல் போடாதீர்கள், எவ்வளவு அவசரம் என்று யார் சொன்னாலும் சரி.

அதேபோல நோயாளியைப் பற்றிச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்தது: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, உங்களிடம் என்ன கேட்கிறேன். 'அக்கா, பன்னண்டாம் பெட்டுல ஒரே மூச்சுல எண்றது 12-க்கு வந்துடுச்சு. நேத்து ராத்திரி பாம்பு கடிச்சு வந்தவர், எட்டு மணிக்கு 25 வரைக்கும் எண்ணினார். மூச்சுத் தசை சோர்ந்துபோற மாதிரி தெரியுது. டாக்டரை உடனே கூப்பிடலாமா?' இப்படிச் சொல்கிற மாணவியை அக்காவும் கவனிப்பார், டாக்டரும் கவனிப்பார். 'பன்னண்டாம் பெட் ஒரு மாதிரி இருக்காரு' என்று சொன்னால் 'சரி, பார்க்கலாம்' என்ற பதில்தான் வரும். இதை வீட்டிலேயே கண்ணாடி முன் சொல்லிப் பழகலாம்.

தியரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. உங்களுக்கு தினமும் பஸ் பயணம் இருக்கிறது. அதில் நோட்டைத் திறந்து மறுபடி மறுபடி படிக்காதீர்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். மன்னார்குடியில் ஏறினால், நோட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, வடுவூர் வருவதற்குள் நேற்றுப் பார்த்த ஒரு நோயாளியை மனசுக்குள் முழுக்கச் சொல்லிப் பாருங்கள்: என்ன தொந்தரவோடு வந்தார், என்ன மருந்து, அந்த மருந்துக்கு எதைக் கவனிக்கணும். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே மட்டும் நோட்டைத் திறங்கள்.

லாக் புக் தவிர ஒரு சின்ன நோட்டு வையுங்கள். இரவு படுக்கப் போகுமுன் நாலு வரி போதும்: இன்று என்ன நடந்தது, அந்த நேரத்தில் என்ன நினைத்தேன், யார் என்ன திருத்தினார்கள், நாளைக்கு எதை மாற்றுவேன். நோயாளியின் பெயர், ஊர் எதுவும் அதில் வேண்டாம். வார்டில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. எக்ஸ்ரே படமாக இருந்தாலும், 'படிக்கத்தான் போட்டேன்' என்றாலும் கூடாது.

இனி அந்தக் கையெழுத்து. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். செய்யாத ப்ரொசீஜருக்கு வாங்கிய கையெழுத்தை நம்பித்தான் நாளைக்கு ஒரு வார்டில் உங்களைத் தனியாக நைட் டியூட்டி போடுவார்கள். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டதாக எழுதியிருக்கும், கை அறியாது, படுத்திருக்கிறவருக்கு அது தெரியாது. எல்லோரும் வாங்குகிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். நீங்கள் டியூட்டரிடம் போய், 'மேடம், இதைப் பார்த்திருக்கேன், செஞ்சதில்ல. ஸ்கில் லேபுல மாடல்ல ஒரு தடவை செய்ய விடுங்க, அப்புறம் வார்டுல நீங்க பக்கத்துல இருக்கும்போது செய்யறேன்' என்று கேளுங்கள். ஒரு பட்டியலோடு போனால் இன்னும் நல்லது: இன்னும் செய்யாதவை எவை, எந்தப் போஸ்டிங்கில் அவை கிடைக்கும் என்று. 2021-22 முதல் வந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். அதற்குள் அந்தப் பட்டியல் சின்னதாகிவிட வேண்டும். உங்களைக் கேலி செய்கிறவர்கள் இருப்பார்கள். பரவாயில்லை.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ் 1984-இல், புதியவர் நிலையிலிருந்து நிபுணர் வரை நர்ஸின் வளர்ச்சியை ஐந்து கட்டமாக விவரித்தார். முதல் கட்டத்தில் இருப்பவருக்கு விதிதான் துணை, எது முக்கியம் என்று பார்த்தவுடன் பிடிபடாது. அனுபவப்பட்ட அக்கா வாசலில் நுழையும்போதே 'அந்த மூணாம் பெட்டைப் பாரு' என்பார், எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அந்தப் பார்வை நோயாளிகளோடு வருடக்கணக்கில் இருந்து வருவது. உங்களுக்கு இப்போது இல்லாதது குறை இல்லை. ஆனால் அவர் அப்படிச் சொல்லும்போது கூடவே போய் மூணாம் பெட்டைப் பாருங்கள். முகம், வியர்வை, மூச்சு, சிறுநீர்ப் பையில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே தேடுங்கள். 'எதைப் பார்த்து அக்கா சொன்னீங்க?' என்று பின்னால் கேளுங்கள். பாதி நேரம் அவரே நின்று யோசித்துச் சொல்வார்.

திட்டு வாங்கினால், திட்டிய விதம் வேறு, சொன்ன விஷயம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். விஷயம் சரியென்றால் நோட்டில் எழுதுங்கள். நோயாளி முன்னால் வைத்து அவமானப்படுத்துவது தொடர்ந்தால் மட்டும் சகித்துக்கொண்டிருக்க வேண்டாம், உங்கள் வகுப்பு ஆசிரியையிடம் தேதியோடு சொல்லுங்கள்.

கோச்சிங் இப்போது வேண்டாம். தமிழக அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வானாலும், எய்ம்ஸ் நடத்தும் நர்ஸ் தேர்வான நார்செட் ஆனாலும் நான்காம் ஆண்டில் தொடங்கினால் போதும். அந்தக் கேள்விகளில் பல, ஒரு நோயாளியின் நிலையைச் சொல்லி முதலில் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்கும். கோச்சிங்குக்கு வைத்திருக்கும் பணத்தில் விநாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரமும் சொந்தமாக ஒரு நல்ல ஸ்டெதாஸ்கோப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பத்திரமாக வையுங்கள்.