18,000 ரூபாய் பேக்கேஜுக்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஜூனில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, டெஸ்ட் எடுத்ததில் கொரோனா. ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டுவிட்டது. நாலு மாதம் ஆகியும் பிள்ளை பழையபடி இல்லை. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கி ஏற 62 படி, ஏறும்போது நடுவில் இரண்டு தடவை உட்காருகிறாள். வாசனை பாதிதான் தெரிகிறது. படித்தது நிற்கவில்லை என்று அழுகிறாள். அதே வாரம் காய்ச்சலில் படுத்த 8 வயது தம்பி மூன்றாம் நாளே பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "இவளுக்கு மட்டும் ஏன் இப்படி, டாக்டர்? சின்ன வயதில் வீசிங் இருந்தது, அதனாலா? நான் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா?" என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: தெரிந்தவர் ஒருவர் கோயம்புத்தூரில் லாங் கோவிட் (கொரோனா போன பிறகும் மாதக்கணக்கில் இழுக்கிற தொந்தரவு) ஃபுல் டெஸ்ட் பேக்கேஜ் 18,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்கிறார், வண்டியும் அவரே அனுப்புகிறார், போகலாமா?

அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போகாதீர்கள், அம்மா.

லாங் கோவிட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை உலகத்தில் எங்கேயும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2023 பிப்ரவரியில் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு வரையறை கொடுத்தது. தொற்று வந்த மூன்று மாதத்துக்குள் தொந்தரவு ஆரம்பித்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். இதெல்லாம் பிள்ளையிடமும் தாயிடமும் பேசித் தெரிந்துகொள்வது. அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க ஒரு டாக்டர் வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அந்த அரை மணி நேரம்தான் நம் ஊரில் எங்கேயும் கிடைப்பதில்லை, கிடைக்காத இடத்தில்தான் இந்த வண்டி அனுப்புகிறவர்கள் நுழைகிறார்கள். அவருக்கு லேபிலிருந்து என்ன கமிஷன் வரும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா.

சரி, இவளுக்கு மட்டும் ஏன்?

காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. வாய்ப்பைக் கூட்டுகிற விஷயங்கள் சில உண்டு. முதலாவது வயது. மற்ற வியாதிகளில் சின்னப் பிள்ளைகளைப் பற்றித்தான் பயப்படுவோம், இதில் தலைகீழ், பத்து வயதைத் தாண்டியவர்களிடம்தான் அதிகம் தெரிகிறது. பல நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கொரோனாவோடு வந்த பிள்ளைகளை 90 நாள் கழித்து விசாரித்தபோது, 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாவது படுத்தவர்கள், முதல் நாளே நாலைந்து தொந்தரவுகளோடு வந்தவர்கள், இவர்களுக்குத்தான் இழுத்துக்கொண்டு போயிருந்தது. இரண்டாவது, பெண் பிள்ளைகள். பருவ வயதுப் பெண்களிடம் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. மூன்றாவது, ஏற்கெனவே இருந்த உடம்பு: ஆஸ்துமா, அலர்ஜி, அதிக எடை, முன்பே இருந்த மனச்சோர்வு, பதற்றம். ஆக உங்கள் மகளுக்கு வயது, பெண், வீசிங் என்று மூன்று, தம்பிக்கு ஒன்றுமில்லை. இதில் நீங்கள் கவனிக்காமல் விட்டது எது என்று எனக்குத் தெரியவில்லை.

தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து ஒரு வருஷத்துக்காவது குறைகிறது, அமெரிக்கக் கணக்கில் பத்துக்கு நாலு பங்கு. ஆனால் இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது. இங்கே 15 முதல் 18 வயது வரை 2022 ஜனவரி 3 அன்றும், 12 முதல் 14 வரை அதே வருஷம் மார்ச் 16 அன்றும் ஆரம்பித்தார்கள். உங்கள் மகள் அன்றைக்கு 12-ஐத் தொடவில்லை, அவளுக்கு அப்போதிருந்த வயதுக்கு அரசுத் திட்டத்தில் ஊசி வரவே இல்லை. இன்றைக்கு யாராவது "ஊசி போட்டீங்களா?" என்று உங்களைக் குற்றவாளி போலக் கேட்டால், எங்கே போட்டிருப்பது என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று, திரும்பத் திரும்பத் தொற்று வருவது. 2025-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், இரண்டாவது தடவை கொரோனா வந்த பிள்ளைகளுக்கு லாங் கோவிட் ஆபத்து முதல் தடவையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பயந்துவிடாதீர்கள், ஆயிரத்துக்கு ஒன்று என்பது இரண்டு ஆனதுதான் அந்த மடங்கு. அதுவும் டாக்டர் லாங் கோவிட்டுக்கான யு09.9 என்ற நோய்க் குறியீட்டை எழுதிய பிள்ளைகளை எண்ணிய கணக்கு. நம் ஓ.பி. சீட்டில் அந்தக் குறியீட்டை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. 'பலவீனம், பி காம்ப்ளக்ஸ்' என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். எண்ணாத வியாதிக்கு எந்த நாட்டில் மருத்துவர் நியமிப்பார்கள்?

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். இங்கிலாந்தில் 11 முதல் 17 வயது வரையுள்ள ஆயிரக்கணக்கான பிள்ளைகளை டெஸ்ட் எடுத்து மூன்று மாதம் கழித்துக் கேட்டார்கள். பாசிட்டிவ் வந்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு இருந்தது. நெகட்டிவ் வந்தவர்களில்? 53 சதவீதம்! மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தொந்தரவு என்று பார்த்தால் பாசிட்டிவில் 30 சதவீதம், நெகட்டிவில் 16. அதாவது வித்தியாசம் நிஜம், வியாதியும் நிஜம், ஆனால் இந்த வயதில் அசதிக்கு வேறு காரணங்களும் ஏராளம், அவற்றைத் தேடாமல் எல்லாவற்றையும் கொரோனா தலையில் கட்டினால் சுலபமாகச் சரியாகக்கூடியதும் சரியாகாமல் போகும்.

கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், 13 வயது, இதே கதை, மூச்சு வாங்குகிறது. கையில் மூன்று நெஞ்சு ஸ்கேன் பிலிம், மூன்றும் நார்மல், அம்மாவின் சங்கிலி அடகில். பையில் இன்ஹேலர் இருந்தது. "எப்படிப் போடுவே, காட்டு" என்றேன். வாயை ஆவென்று திறந்து, நாக்கின் மேல் இரண்டு தடவை புஸ்ஸென்று அடித்துவிட்டு, கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தான். மருந்து ஒரு சொட்டுகூட நெஞ்சுக்குப் போகவில்லை. மூன்று ஸ்கேன் எடுத்தவர்களில் ஒருவர்கூட அவனைப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, தினசரி மருந்தையும் சரிசெய்ததும் ஆறு வாரத்தில் பாதிக்கு மேல் தேறிவிட்டான். மீதி கொரோனாவின் மிச்சமாக இருக்கலாம், மெல்லப் போகும். உங்கள் மகளுக்கு வீசிங் இருந்தது என்கிறீர்களே, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அடுத்தது ரத்தம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. மாதவிடாய் ஆரம்பித்த பெண் பிள்ளை, குளிரூருக்கு ஏற்றபடி ஒரு நாளைக்கு நாலு டம்ளர் டீ, சாப்பாட்டோடு சேர்த்து. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாக எறிகிறாளா என்று கேளுங்கள், அடிக்காமல் கேளுங்கள். ஹீமோகுளோபினோடு முழு ரத்த எண்ணிக்கை, தைராய்டு, சர்க்கரை, இவ்வளவு போதும் முதல் கட்டத்துக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு ஆஸ்பத்திரியிலோ காசில்லாமல் ஆகும்.

இங்கே ஒரு விதிவிலக்கு. உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் இந்த மலையில் இருந்துகொண்டு சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. இருளர், குறும்பர், பணியர் குடும்பத்துப் பிள்ளைகள் அசதி, கை கால் வலி என்று வந்தால் 'கொரோனாவுக்கு அப்புறம் இப்படித்தான்' என்று அனுப்பக் கூடாது, சும்மா இரும்பு மாத்திரையும் எழுதக் கூடாது. பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இந்தியாவிலேயே அந்த நோயை முதன்முதலில் பதிவு செய்தது எங்கே தெரியுமா? இதே நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-ல். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2023 ஜூலையில் தேசியத் திட்டம் வந்து, பரிசோதித்தவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். அட்டை இருந்தால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை மேஜையில் வையுங்கள். இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரே வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களையும் பார்க்க வேண்டும், அண்ணன், தங்கை, மாமா பிள்ளைகள் வரை.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கொரோனா சமயத்தில் வாங்கியது வீட்டில் கிடக்கும், அதை மாட்டிப் பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தமே கீழே இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். கீழே 98 காட்டுகிற பிள்ளைக்கு இங்கே 95 காட்டினால் அது மலையின் கணக்கு. விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும், நகப்பூச்சு இருந்தாலும் அப்படியே. கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிஷம் உட்காரவைத்துப் பாருங்கள். அப்படியும் 92-க்குக் கீழே நின்றால், அல்லது படி ஏறியதும் மளமளவென்று இறங்கினால், காட்ட வேண்டும்.

அதைவிட உபயோகமான சோதனை ஒன்று வீட்டிலேயே செய்யலாம். மகளைப் பத்து நிமிஷம் படுக்கவைத்து நாடியை ஒரு நிமிஷம் முழுதாக எண்ணுங்கள். பிறகு சுவரில் சாய்ந்து பத்து நிமிஷம் நிற்கட்டும், பேச்சுக் கொடுக்காதீர்கள், பக்கத்திலேயே இருங்கள், தலை சுற்றினால் உடனே படுக்கவையுங்கள். ஒவ்வொரு இரண்டு நிமிஷத்துக்கும் எண்ணி எழுதுங்கள். இந்த வயதில் 40-க்கு மேல் கூடி, கூடியபடியே நின்றால் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். கொரோனாவுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு எழுந்து நிற்கும்போது இதயத் துடிப்பு இப்படி எகிறுகிறது. தண்ணீர், உப்பு, மெதுவாக எழுவது என்று வழி உண்டு.

அப்புறம் ஒரு பழைய நோட்டு எடுங்கள். இன்றைக்கு என்ன செய்தாள், நாளைக்கு எப்படி இருந்தாள், இரண்டே பத்தி. செவ்வாய்க்கிழமை பி.டி. பீரியடில் ஓடிவிட்டு புதன், வியாழன் எழவே முடியவில்லை என்று வந்தால், உழைப்புக்கு மறுநாள் சரிகிற வகை அது. அந்தப் பிள்ளையை 'ஓடினால்தான் தெம்பு வரும்' என்று விரட்டினால் இன்னும் படுப்பாள். படியில் மூச்சு முட்டும்வரை ஏறி உட்காருவதற்குப் பதில், முட்டுவதற்கு முன்பே, இருபது படிக்கு ஒரு தடவை நிற்கட்டும். பள்ளிக்கூடம் அரை நாள் போகட்டும். இதற்கு ஹெட்மாஸ்டர் எக்ஸ்ரே கேட்பார், நான் கடிதம் கொடுத்தாலும் 'ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லையே' என்பார்கள். ஒன்றுமில்லாத ரிப்போர்ட்டுக்கு நடுவிலும் பிள்ளைக்கு முடியவில்லை என்பதை எழுத நம் படிவங்களில் இடமில்லை. அந்த இடைவெளியில் மெடிக்கல் சர்டிபிகேட் 500 ரூபாய்க்கு விற்கிற ஆளும் வந்துவிட்டார், அவரிடம் போகாதீர்கள், பரீட்சை சமயத்தில் மாட்டுவது பிள்ளைதான்.

வாசனைக்கு நம் ஊர் யூகலிப்டஸ் தைலமே உதவும், ஆனால் கவனம். பஞ்சில் ஒரு சொட்டு விட்டு மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து இருபது விநாடி முகர வேண்டும். அதேபோல் எலுமிச்சைத் தோல், கிராம்பு, ரோஜா. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, மூன்று மாதமாவது. மூக்குக்குள் விடுவது, வெந்நீரில் கலந்து குடிக்கக் கொடுப்பது எல்லாம் கூடாது. யூகலிப்டஸ் எண்ணெய் வயிற்றுக்குள் போனால் பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம்.

வெள்ளைக் கவரில் பெயரில்லாத மாத்திரை கொடுத்து 'நாலு நாளில் தெம்பு' என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள், பெரும்பாலும் ஸ்டீராய்டு. மயங்கி விழுவது, நெஞ்சு வலி, எடை இறங்குவது, விடாத காய்ச்சல், வாழப் பிடிக்கவில்லை என்கிற பேச்சு, இதில் எது வந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

தம்பிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அவனுக்கும் ஆண்டிபாடி டெஸ்ட் சேர்த்து எடுத்துவிடலாம், இரண்டு பேருக்கு ரேட் குறைவு என்று அந்த வண்டிக்காரர் இதற்குள் சொல்லியிருப்பார். கொரோனாவோ அதன் ஊசியோ எப்போதாவது உடம்பில் பட்டதா என்று மட்டும்தான் அது காட்டும், இன்றைக்கு அந்த டெஸ்ட் எடுத்தால் அவனுக்கும் பாசிட்டிவ், எனக்கும் பாசிட்டிவ், வண்டிக்காரருக்கும் பாசிட்டிவ்தான் வரும்.