‘எல்லா டெஸ்ட்டும் நார்மல்’ என்கிறார்கள். நெஞ்சு மட்டும் ஏன் இன்னும் அடைக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 47. அண்ணனோடு வந்த சொத்துத் தகராறில் அம்மாவோடும் இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன். பேசாத நிலையிலேயே அம்மா இறந்துவிட்டார். கடைசியாக முகம் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மூன்று வருடம் ஆகிறது. அவர் போய் ஆறு மாதத்தில் நெஞ்சடைப்பு தொடங்கியது. அப்புறம் கழுத்துவலி, தோள்பட்டை வலி, வயிற்றெரிச்சல். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான், தூக்கம் போச்சு. இசிஜி, எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். ஒன்றரை வருடமாக கேஸ் மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டர் “ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான்” என்கிறார். வீட்டில் “நடிக்கிறா” என்கிறார்கள். மனக்கஷ்டம் உடம்பை இப்படி வாட்டுமா? நான் எந்த டாக்டரிடம் போக வேண்டும்?

பதில்: வாட்டும். உங்கள் வலி உண்மையானது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தால் இதயத்தின் சுவரும் வால்வும் ஒழுங்காக அசைகின்றன, இரைப்பையில் புண் இல்லை என்று அர்த்தம். விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசை இரண்டரை வருடமாக இறுகிக் கிடப்பது எக்கோவில் தெரியாது. இரைப்பை நரம்புகள் சாதாரண அமிலத்துக்கே கூச்சல் போடுவது எண்டோஸ்கோபியில் தெரியாது. “ஒண்ணுமில்ல” என்று டாக்டர் சொன்னது உயிருக்கு ஆபத்தான எதுவும் இல்லை என்ற பொருளில். அதை வீட்டில் வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை நினைத்ததும் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் ரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கும், தசை முறுக்கேறும், செரிமானம் மந்தமாகும். நாய் துரத்தும்போது இது நமக்கு உதவும். நாய் போனதும் அடங்கிவிடும். “கடைசியா ஒரு போன் பண்ணியிருக்கலாமே” என்ற நினைப்பு அப்படிப் போவதில்லை. பத்திரம், பட்டா என்று யாராவது பேச்செடுத்தாலும், அம்மா வைக்கும் மாதிரி வத்தக்குழம்பு வாசம் வந்தாலும் உடம்பு மறுபடி முதலிலிருந்து தயாராகிறது. ஒரு நாளில் பத்துத் தடவைகூட இது நடக்கலாம்.

இப்போதே உங்கள் வலது கையை இடது தோளில் வையுங்கள். காதுக்கும் தோள் முனைக்கும் நடுவே உள்ள தசையை விரலால் அழுத்துங்கள். கயிறு மாதிரி இருக்கிறதா? கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தி இருக்கின்றனவா? மனம் நெடுநாள் காவல் காக்கும்போது தோள் காதை நோக்கி ஏறி, தாடை இறுகி, மூச்சு நெஞ்சின் மேல்பாதியிலேயே நின்றுவிடும். மேல்மூச்சு இழுத்து இழுத்து விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி மரத்துப்போவதும், தலை கிறுகிறுப்பதும், நெஞ்சைக் கட்டிப்போட்டது போல இருப்பதும் அதனால்தான். மூன்று மணி விழிப்புக்கும் காரணம் உண்டு. பின்னிரவில் எல்லோருக்குமே தூக்கம் லேசாகிவிடும், கார்டிசாலும் விடியலை நோக்கி ஏறத் தொடங்கும். பாரத்தோடு படுத்தவருக்கு அந்த ஏற்றமே எழுப்பிவிடப் போதும்.

வயிற்றெரிச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் வேதனைப்படுகிறவரும் “வயிறு எரியுது” என்பார், அமிலம் மிஞ்சியவரும் “வயிறு எரியுது” என்பார். டாக்டர் இரண்டாவதைக் கேட்டு, நீங்கள் கேஸ் மாத்திரை என்று சொல்லும் பான்டோபிரசோல் போன்றதை எழுதுவார். எண்டோஸ்கோபி சுத்தமாக இருந்தும் எரிச்சல் தீராவிட்டால் பெரும்பாலும் அமிலத்தின் அளவில் கோளாறு இருக்காது. அதை உணரும் நரம்புகள்தான் கூர்மையாகிவிட்டிருக்கும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அங்கே ஓரளவுக்கு மேல் வேலை செய்யாது. ஒன்றரை வருடம் சாப்பிட்டிருப்பதால் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள், அது குறைய வாய்ப்புண்டு. ஆனால் மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் அடக்கி வைத்த அமிலம் சில வாரம் கூடுதலாகச் சுரந்து, நோய் முற்றிவிட்டதோ என்று பயமுறுத்தும். 40 மி.கி.யிலிருந்து 20, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பது நல்லது.

“நடிக்கிறா” என்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். தாங்க முடியாத அதிர்ச்சியில் இதயத்தின் கீழ்முனை பலூன் போல உப்பி, மாரடைப்பு மாதிரியே இசிஜி மாறும் ஒரு நோயை 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். ஆஞ்சியோ எடுத்தால் அந்த நிலையை விளக்கும் அடைப்பு இருக்காது. அந்த இதயத்தின் வடிவம் அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போல இருந்ததால் டாகோட்சுபோ என்று பெயர் வந்தது. இது வருகிறவர்களில் 10க்கு 9 பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்களே அதிகம். நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் அபாயம் வழக்கத்தைவிட ஏறக்குறைய 21 மடங்கு என்று 2012இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 1995இல் ஓஹையோவில் மறதி நோயாளிகளைக் கவனித்துவந்த உறவுப் பெண்களுக்குக் கையில் 3.5 மி.மீ. அளவுக்குச் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். அந்தப் பாரம் இல்லாத பெண்களைவிட இவர்களுக்குக் காயம் ஆற சுமார் 9 நாள் அதிகம் பிடித்தது. தோல் மூடுவதை யாரும் நடிக்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘அழுகையை அடக்கினால் கேன்சர் வரும்’, ‘ஒவ்வொரு வருத்தமும் ஒவ்வோர் உறுப்பில் போய் உட்காரும்’ என்றெல்லாம் பரவும் பேச்சை நம்பாதீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. ஏற்கெனவே வேதனையில் இருப்பவரைக் குற்றவாளியாக்குவதுதான் மிச்சம். அதேபோல எல்லாவற்றையும் மனசின் தலையில் போட்டுவிடவும் கூடாது. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து மாற்றம், தைராய்டு, ரத்தசோகை எல்லாமே படபடப்பையும் தூக்கக் கேட்டையும் கொடுக்கும். ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டு), பி12, எச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரை சராசரி) இந்த நான்கும் சமீபத்தில் பார்க்கவில்லை என்றால் முதலில் பாருங்கள். நெஞ்சடைப்பின் குணம் மாறினால், அதாவது மாடி ஏறும்போது வந்து உட்கார்ந்தால் விடுகிறது என்றால், பழைய டிரெட்மில் ரிப்போர்ட்டை நம்பி இருக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள். தாடை, இடது கை, முதுகு என்று பரவி வியர்த்துக்கொட்டினாலோ, குமட்டலோடு மூச்சு வாங்கினாலோ, பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் அழுத்தினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். ‘இதுவும் டென்ஷனாத்தான் இருக்கும்’ என்று சோடா குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் உயிர் போன பெண்கள் உண்டு.

எந்த டாக்டர் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரே ஒரு பொது மருத்துவர். நெஞ்சுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், கழுத்துக்கு ஒருவர் என்று போனதில் முழுக் கதையும் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. இந்த முறை போகும்போது வலியைச் சொல்வதற்கு முன்னால் “எங்கம்மா இறந்து ஆறு மாசத்துல இது ஆரம்பிச்சது, நாங்க பேச்சுவார்த்தை இல்லாம இருந்தோம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இன்னொரு ஸ்கேனை மிச்சப்படுத்தலாம்.

கையோடு இரண்டு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். வலி வந்த நேரம், இடம், பத்துக்கு எத்தனை, அதற்கு முந்தைய அரை மணியில் என்ன நடந்தது. ‘அண்ணன் போன்’, ‘கோயிலில் அம்மா சிநேகிதியைப் பார்த்தேன்’, ‘காலையில் சாப்பிடவில்லை’ என்று நாலு வார்த்தை எழுதினால் போதும். நோட்டைப் புரட்டும்போது சில பெயர்களும் சில கிழமைகளும் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்து மனநல மருத்துவர் அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுதுவது முன்னவர், பேச்சு சிகிச்சை தருவதில் தனிப் பயிற்சி பெற்றவர் பின்னவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் மருத்துவரைப் பார்க்கலாம். போகவே தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழில் பேசலாம். “அம்மா போன இடத்துக்கே போயிடலாம்” என்று ஒரு முறை தோன்றியிருந்தால்கூட அந்த அழைப்பை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

ஆறு மாதம் தாண்டியும் துக்கம் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்கினால் அதை நீடித்த துக்கம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே தனியாகக் குறிப்பிடுகிறது. அதற்கென்றே வடிவமைத்த பேச்சு சிகிச்சை சுமார் 16 அமர்வுகள் போகும். இறப்புச் செய்தி வந்த நாளை வாய்விட்டுச் சொல்லவைப்பார்கள், ஒதுக்கிவைத்த இடங்களுக்கு மெல்லத் திரும்பப் போகவைப்பார்கள். எதிரே அம்மா இருப்பதாக நினைத்து, சொல்லாமல் விட்டதைச் சொல்லவும், அம்மா என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நீங்களே அவர் குரலில் பேசவும் வைப்பார்கள். உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். முகம் பார்க்காமல் போன சாவு முடியாத பேச்சாகவே உள்ளே நின்றுவிடும்.

மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் மாத்திரை எழுதலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ பரபரப்போ வரலாம். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போது படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின் எழுதினால், பெயரைத் தேடிப்பார்த்து ‘எனக்கு மனநோயா’ என்று பயப்பட வேண்டாம். குறைந்த அளவில் அது வலி மாத்திரையாகவும் பயன்படுகிறது. வாய் உலரும், மலச்சிக்கல் வரலாம், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் அல்பிரசோலாம் போன்ற மாத்திரைகள் வேறு வகை. பழக்கமாகிவிடும் என்பதால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் மூச்சுக்கு முதலிடம். மல்லாந்து படுத்து ஒரு கையை வயிற்றில், ஒரு கையை நெஞ்சில் வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வயிற்றுக் கை ஏறி இறங்க வேண்டும், நெஞ்சுக் கை அசையக் கூடாது. காலையும் மாலையும் பத்து நிமிடம். இதில் இரண்டு தவறு நடக்கும். ஆழமாக இழுக்க வேண்டும் என்று நெஞ்சு முட்ட இழுத்தால் கிறுகிறுப்பு கூடும். மூச்சு மெல்லியதாக இருக்கட்டும், வெளிமூச்சு நீளமாக இருந்தால் போதும். நெஞ்சடைப்பு வந்த பிறகு மட்டும் செய்தாலும் பலிக்காது. அமைதியான நேரத்தில் பழகிய உடம்புக்குத்தான் அவசரத்தில் அது கைகொடுக்கும். முடித்ததும் தோள்களைக் காதுவரை தூக்கி ஐந்து விநாடி இறுக்கி, சட்டென்று தொங்கவிடுங்கள். பத்துத் தடவை. நடை, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி. தொடங்கும்போது பத்து நிமிடம் போதும்.

மூன்று மணிக்கு விழித்தால் மணி பார்க்காதீர்கள், செல்போனைத் தொடாதீர்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கியதும் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

அம்மாவுக்குக் கடிதம் எழுதலாம். தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், யாருக்கும் காட்டாமல், பிழை திருத்தாமல். மனதில் இருப்பதை இப்படி எழுதுவது உடம்புக்கும் ஓரளவு உதவும் என்று 1980களிலிருந்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம். படுக்கப் போகும் முன் எழுதாதீர்கள். நான்கு நாளும் அண்ணன் செய்த அநியாயத்தையே எழுதினால் பழைய புண்ணைக் கிளறுவதாக முடியும். நான்காம் நாளாவது அம்மா எழுதும் பதிலாக எழுதிப் பாருங்கள். எழுதிய மறுநாளும் வேதனை தணியாமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து தொடருங்கள்.

“அண்ணனை மன்னிச்சிடு, எல்லாம் சரியாப் போயிடும்” என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். உடம்பு தேறுவதற்கு நீங்கள் யாரையும் மன்னித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வற்புறுத்தி வரவழைத்த மன்னிப்பு இன்னொரு அடக்கலாகத்தான் உள்ளே போகும். அம்மாவோடு உள்ள கணக்கும் அண்ணனோடு உள்ள கணக்கும் வேறு வேறு. முதலாவதை இப்போதே தொடங்கலாம்.

முன்னேற்றம் ஒரே சீராக வராது. சிலருக்கு முதலில் தூக்கம் கொஞ்சம் நீளும், பிறகு கழுத்து இளகும், நெஞ்சடைப்பு கடைசியில் விடும். அம்மாவின் திதி நெருங்கும் வாரத்தில் எல்லாமே திரும்பி வரலாம். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து, அதற்கு முந்தைய வாரத்திலேயே ஆலோசகரிடம் நேரம் வாங்கிவையுங்கள். பிறந்த வீட்டில் கூப்பிடாவிட்டாலும் உங்கள் வீட்டில் விளக்கேற்றி, அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையுங்கள். அன்றைக்கு அழுகை வந்தால் வரட்டும். வீட்டில் யாராவது ஒருவர் சமாதானம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.