அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை கிடைக்குமா?

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்த என் அம்மாவுக்கு 62 வயது. நிரந்தர வசிப்புரிமை உண்டு, குடியுரிமை இல்லை. அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாஸா (SASSA) தரும் முதியோர் பணம் கிடைக்குமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: கிடைக்கும், வருமான, சொத்து வரம்புக்குள் இருந்தால். நிரந்தரவாசிகளை ஒதுக்கக் கூடாதென்று அரசியல் சாசன நீதிமன்றம் 2004-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அம்மாவின் 13 இலக்க அடையாள எண்ணில் 11-ஆவது இலக்கத்தைப் பாருங்கள்: 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தரவாசி. சாஸா அந்த எண்ணை உள்துறைப் பதிவேட்டோடு ஒப்பிடும். நம்மவர்களுக்குச் சிக்கல் பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராகவும், வங்கிக் கணக்கில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வசிப்புரிமைச் சான்றிதழின் அசலையும் கொண்டுபோங்கள். விண்ணப்பிக்கக் கட்டணமில்லை, காசு கேட்கும் தரகரை அண்டவிடாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.