வீகன் இயக்கம் ஏன் வெள்ளையர் கூட்டமாகவே தெரிகிறது? ஒரு சிறு குழு என்ன செய்யலாம்?

இறைச்சி, பால், முட்டை என விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாத வீகன்களுக்காக அமெரிக்காவில் ஒரு குழு நடத்துகிறீர்கள், வருபவர்கள் எல்லாரும் வெள்ளையர்களாகவே இருக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கறுப்பினத்தவருக்கு இதில் நாட்டமில்லை என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பியூ ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி அமெரிக்கர்களில் கண்டிப்பான சைவர்களும் வீகன்களும் சேர்ந்து 3 சதவீதம்; கறுப்பின அமெரிக்கர்களில் 8 சதவீதம். அகிம்சை விலங்குகளுக்கும் சேர்த்துத்தான் என்று கறுப்பின நகைச்சுவைக் கலைஞரும் சிவில் உரிமைப் போராளியுமான டிக் கிரிகரி 1960களிலேயே இறைச்சியை விட்டார். 'வீகன்' என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையார் இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கி நோன்பிருப்பது அதற்குப் பல நூற்றாண்டு மூத்த வழக்கம். ஆட்கள் இருக்கிறார்கள். மேடையும் பணமும்தான் அவர்களிடம் இல்லை.

உங்கள் துண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். அவகாடோ, கினோவா, பாதாம் பால் படங்களுக்குக் கீழே 'எளிது, மலிவு' என்று இருந்தால், நல்ல காய்கறிக் கடையே இல்லாத பகுதியில் இருப்பவர் அதை அங்கேயே கீழே வைத்துவிடுவார். உலர்ந்த பீன்ஸ், பருப்பு, உறைந்த கீரை, டப்பா தக்காளி, இவற்றை வைத்து ஒரே பாத்திரத்தில் முடியும் சமையல் குறிப்பு போடுங்கள். சத்துக் குறிப்பையும் திருத்துங்கள். வைட்டமின் பி12 மாத்திரை தினமும் 10 மைக்ரோகிராம் என்பது வீகன்கள் எல்லாருக்கும் பொது. ஆனால் கருமையான தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி உண்டாக்க அதிக நேரம் பிடிக்கும். அதனால்தான் பிரிட்டன் சுகாதாரத் துறை அத்தகையவர்களை ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கச் சொல்கிறது. பல துண்டறிக்கைகளில் இந்த ஒரு வரி இருப்பதில்லை.

ஆட்களை நிரந்தரமாக விரட்டுவது, விலங்குகள் படும் பாட்டைக் கறுப்பினத்தவர் பட்ட அடிமைமுறையோடு ஒப்பிடுவது. 2005இல் பீட்டா அமைப்பு, கறுப்பினத்தவர் அடித்துக் கொல்லப்பட்ட படங்களைக் கால்நடைப் படங்களோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்துக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 'இவர்கள் விலங்குகள்' என்று சொல்லித்தானே அந்த மக்களை விற்றார்கள்! அவர்கள் துயரத்தை உங்கள் வாதத்துக்குக் கருவியாக்காதீர்கள். அதற்குப் பதில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசுங்கள்: பெரும்பகுதி குடியேறிகளும் வெள்ளையரல்லாதோரும், வேகமாக ஓடும் வரிசையில் கத்தி பிடித்தே கை மரத்துப் போனவர்கள்.

அடுத்தது பணம். கறுப்பினப் பேச்சாளரை ஆண்டுக்கொரு முறை 'பன்முகத்தன்மை' பற்றிப் பேச மட்டும் கூப்பிட்டு, அதையும் இலவசமாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது, இது அவமதிப்பு. அவர் சட்டம் தெரிந்தவரென்றால் சட்டம் பேசட்டும், சமையல் தெரிந்தவரென்றால் சமைத்துக் காட்டட்டும், மற்றவர்களுக்குத் தரும் அதே தொகையைக் கொடுங்கள். நிர்வாகக் குழுவில் ஒருவரை மட்டும் சேர்த்தால் தன் இனம் முழுவதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டியதாகிவிடும், ஆறு மாதத்தில் விலகிவிடுவார். குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அதுவும் நிகழ்ச்சிநிரல் முடிவாவதற்கு முன்பே. பக்கத்தில் ஏற்கெனவே கறுப்பின வீகன் குழு இருந்தால் அவர்களை உங்கள் கூட்டத்துக்கு இழுக்காமல், அவர்கள் நிகழ்ச்சிக்குப் போய் நாற்காலி போடவும் பாத்திரம் கழுவவும் நில்லுங்கள்.