ஜன்னலுக்கு என்ன போடலாம்? கடலோர வீட்டுக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

திரை, தட்டி, பிளைண்ட் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகள் இவை. திரை தைத்து மாட்டுவதும் தட்டி கட்டுவதும்தான் என் தொழில், தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை வேலை பார்த்திருக்கிறேன். சோபாவுக்கு எந்தக் கலர் பொருந்தும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை, அதில் எனக்கு ருசி கிடையாது.

ராமேஸ்வரம்: ஹால் ஜன்னல் கிழக்கே கடலைப் பார்த்தது. காலையில் கண் கூசுகிறது, கரையில் நடக்கிறவர்களுக்கு வீடு முழுக்கத் தெரிகிறது. கடல் தெரியணும், நாங்கள் தெரியக்கூடாது. என்ன போடலாம் அண்ணே?

தம்பி, கேள்வியில் பகல் மட்டும்தான் இருக்கிறது. ராத்திரியை விட்டுவிட்டீர்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம்தான் எதிர்ப்பக்கத்துக்குத் தெரியும், மெல்லிய துணி எதுவானாலும் இதுதான் கதை. பகலில் வெளியே வெயில், உள்ளே நிழல், அதனால் மெல்லிய வலைத்துணி தொங்கினாலே நீங்கள் கடலைப் பார்க்கலாம், கரையில் போகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். பொழுது சாய்ந்து டியூப்லைட்டைப் போட்டதும் எல்லாம் தலைகீழ், நீங்கள் சாப்பிடுவதைத் தெருவே பார்க்கும். எதை மாட்டினாலும் ராத்திரி லைட்டைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்று ஒருமுறை பாருங்கள். யாருமே இதைச் செய்வதில்லை.

உங்களுக்கு ரோலரில் வரும் சன்ஸ்கிரீன் துணி சரிவரும். அதில் 3, 5, 10 சதவீதம் என்று போட்டிருப்பது நெசவில் எவ்வளவு இடைவெளி என்பதன் கணக்கு. கடல் தெரிய 5, கண் கூச்சம் ரொம்ப என்றால் 3. நிறத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். வெள்ளை எடுத்தால் வெயில் பட்டதும் துணியே பளபளத்துக் கடலை மறைத்துவிடும், அடர் சாம்பலோ கறுப்போ எடுத்தால் துணி இருப்பதே மறந்துபோகும். அடர் நிறம் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கும், காலை வெயில்தானே, சமாளிக்கலாம். ராத்திரிக்கு அதன் முன்னால் ஒரு கெட்டித் துணி. திரைக் கம்பி ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரையடி நீண்டிருந்தால் பகலில் துணி சுவரோரம் ஒதுங்கிக்கொள்ளும், கடல் அதிகம் மறையாது. ஜன்னலைத் திறந்துவைக்கிற வீடு என்றால் ரோலருக்கு இரண்டு ஓரமும் பிடித்துக்கொள்ளும் சேனல் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் காற்றில் படபடவென்று அடித்துத் தூங்க விடாது.

பாம்பன்: கர்ட்டன் கம்பி ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை, துரு துணியிலும் ஒட்டுகிறது.

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்று 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது, உங்கள் கம்பி எம்மாத்திரம்! இரும்பு வேண்டாம், மேலே பித்தளை நிறம் பூசிய இரும்பும் வேண்டாம். கடையில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். அலுமினியக் குழாய் அல்லது மரக்கம்பி, பிளாஸ்டிக் வளையம். முதலில் போவது ஸ்குரூதான், அதை மட்டும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள், 304 தரம் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகப் பழுக்கும். அலுமினியமும் ஸ்டீலும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும், அதனால் நடுவே நைலான் வாஷர்.

கீழக்கரை: தெருவை ஒட்டின பழைய வீடு. மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு வைத்த மர ஜன்னல். எடுத்துவிட்டுப் பெரிய ஸ்லைடிங் கண்ணாடி போடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், அதற்கு எந்த பிளைண்ட் நல்லது காக்கா (அண்ணே)?

லாத்தா (அக்கா), எடுக்காதீர்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைக்கிற எல்லாம் அந்த ஜன்னலிலேயே இருக்கிறது. தெருவில் போகிறவர் பார்வை விழுவது கீழ்ப்பாதியில், வெளிச்சம் நிறைய வருவது மேல்பாதியில். கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்தால் வெளிச்சம் கூரையில் பட்டு அறையின் உள்கோடி வரை போகும், சூடான காற்று மேலே வெளியேறும், ஆளும் தெரியாது. இரண்டு தட ஸ்லைடிங் கண்ணாடியோ எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும், காற்றில் பாதி போச்சு. அப்புறம் கண்ணாடிக்கு மறைப்பு என்று திரை, திரையால் இருட்டு, இருட்டுக்குப் பகலிலேயே லைட்! பர்மா தேக்காக இருந்தால் கீல் மாற்றி எண்ணெய் பூசினாலே போதும். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்வை விழுகிறது என்றால் மேல்பாதிக்கு மட்டும் மெல்லிய துணி போடுங்கள்.

எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஜன்னல் முழுவதையும் ஒரே துணியால் மூடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தெருவில் ஒருவரை நிற்கவைத்து, அவர் கண்ணுக்கு எதுவரை தெரிகிறது என்று உள்ளே பென்சிலால் கோடு போட்டு, அதுவரை மட்டும் மறையுங்கள்.

மண்டபம்: ஜீப்ரா பிளைண்ட் நல்லதா?

மெல்லிய பட்டையும் கெட்டிப் பட்டையும் மாறி மாறி வரும் அந்த பிளைண்ட், ஏசி போட்டு மூடிவைக்கும் அறைக்குச் சரி. காற்று வாங்கும் ஜன்னலுக்கு வேண்டாம்.

தொண்டி: மேற்கு ஜன்னல். மதியம் மூன்றுக்கு மேல் அறையில் இருக்க முடியவில்லை. வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணி போட்டும் சூடு குறையவில்லை.

குறையாது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தான் அந்தத் துணி தடுக்கிறது. துணி சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். மேற்கு வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும். சன்ஷேடும் உதவாது, சாயங்கால வெயில் படுத்த வாக்கில் வருவது. பனையோலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ சுவரிலிருந்து அரையடி தள்ளித் தொங்கவிடுங்கள், நடுவே காற்று ஓடட்டும். கீழ்முனையைக் கிரில்லில் கட்டாவிட்டால் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போது பக்கத்து வீட்டில் போய்த் தேடுவீர்கள்.

தெற்கு ஜன்னலுக்கும் இப்படிப் பயப்படுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. நாம் இருப்பது 9 டிகிரி சொச்சம் அட்சரேகையில். சித்திரை பிறக்கும் சமயத்தில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல், ஆனியில் அது வடக்கே சாய்ந்து நிற்கும். தெற்குக்கு இரண்டடி சன்ஷேடு பெரும்பாலும் போதும்.

ஏர்வாடி: தட்டி என்று ஆரம்பித்து வெட்டிவேர்த் தட்டியைச் சொல்லாமல் விட்டால் எப்படி? மதுரையில் எங்கள் தாத்தா தண்ணீர் தெளித்துத் தொங்கவிட்டால் வீடே ஜில்லென்று இருக்கும்.

மதுரையில் இருக்கும் அண்ணே. தண்ணீர் ஆவியானால்தான் குளிர்ச்சி, காற்று காய்ந்திருந்தால்தான் ஆவியாகும். கடற்காற்று ஏற்கெனவே ஈரத்தோடு வருகிறது, வாசனை வரும், குளிர்ச்சி வராது.

ஏர்வாடி, மறுபடியும்: அப்போ எங்கள் தாத்தா சொன்னது பொய்யா?

மதுரையில் இருக்கும் என்று மேலே முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

பரமக்குடி: எங்கள் வீட்டில் இப்போதும் கட்டுகிறோம், நன்றாகக் குளிர்கிறது. அண்ணன் ஏசி கம்பெனி ஆளோ?

பரமக்குடியில் கடல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொன்னால் வந்து பார்க்கிறேன்.

தேவிபட்டினம்: சண்டை வேண்டாம். ஆனி ஆடியில் கச்சான் மேற்கே நிலத்தின் மேல்தானே வருகிறது? அது காய்ந்த காற்றுதானே, அப்போதுமா வேலை செய்யாது?

இப்படிக் கேட்டால் உட்கார்ந்து பேசலாம். செய்யும். உங்கள் பக்கமும் தொண்டிப் பக்கமும் அந்த மாதங்களில் முற்பகல் காற்று உலர்ந்து வரும், மேற்கு ஜன்னலில் வெட்டிவேர் கட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும். கடற்காற்று திரும்பியதும் அவ்வளவுதான். ராமேஸ்வரம் தீவில் அதே கச்சான் கடலைத் தாண்டி வருவதால் அங்கே இந்தக் கணக்கு ஓடாது. சோதித்துப் பார்க்க ஈரத்துண்டு போதும், பிழிந்து ஜன்னலில் தொங்கவிடுங்கள். சட்டென்று காய்ந்தால் வெட்டிவேர் வாங்கலாம், சாயங்காலம் வரை ஈரமாகவே தொங்கினால் காசை மிச்சம் பிடியுங்கள். போர்த் தண்ணீரைத் தெளிக்கவேண்டாம். நம் பக்கம் பாதி இடத்தில் அது உப்பு, வேரில் வெள்ளையாகப் படிந்து கொஞ்ச நாளில் தட்டி விறைத்துப்போகும். ராத்திரி காயவிடாவிட்டால் பூஞ்சை.

ஏர்வாடி அண்ணன் இதற்குப் பிறகு தாத்தாவின் படத்தை அனுப்பியிருக்கிறார். நல்ல முகம். வெட்டிவேர் இத்தோடு போதும்.

பெரியபட்டினம்: ஒருவழிக் கண்ணாடி ஃபிலிம் ஒட்டினால் ராத்திரியும் தெரியாதாமே, கடைக்காரர் சொன்னார்.

தெரியும். ராத்திரி லைட்டைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்று பாருங்கள், முடிந்தால் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு.

சாயல்குடி: ஜீப்ரா பிளைண்ட் எப்படி அண்ணே?

மண்டபத்துக்குச் சொன்னதுதான்.

ராமநாதபுரம்: இரண்டு வயசுப் பையன் இருக்கிறான். இழுக்கிற கயிறு உள்ள பிளைண்ட் போடலாமா?

வேண்டாம்மா. வளையமாகத் தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் மாட்டினால் சத்தமே வராது, பக்கத்து அறையில் இருக்கிற உங்களுக்குத் தெரியாது. கயிறில்லாத ஸ்பிரிங் ரோலர் வாங்குங்கள், அல்லது வெறும் துணித்திரை. ஏற்கெனவே மாட்டியிருந்தால் கயிறு தளர்ந்து தொங்காமல் இழுத்துச் சுவரில் இறுக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். கட்டிலையும் நாற்காலியையும் ஜன்னலடியிலிருந்து நகர்த்துங்கள், ஏறிவிடுவான். இதை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

உச்சிப்புளி: சுற்றிலும் தென்னந்தோப்பு, பக்கத்தில் வீடே இல்லை. என்ன திரை போடலாம்?

எதற்கு? கொசுவலை மட்டும் போடுங்கள்.

மண்டபம், இன்னொருவர்: ஏசி எத்தனை டன் வாங்கலாம்?

ஏசி மெக்கானிக்கைக் கேளுங்கள்.

தொண்டி, வேறொருவர்: ஜீப்ரா பிளைண்டில் பகலிலும் ராத்திரியிலும்...

ராத்திரி பட்டையை முழுக்க மூடுங்கள், லைட்டைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள். ஜீப்ராவுக்கு இனிமேல் பதில் கிடையாது.

வாலிநோக்கம்: ஜன்னல் அளவு அனுப்பினால் விலை சொல்வீர்களா?

நீங்கள் அனுப்பும் அளவை நம்பி வெட்ட மாட்டேன். சட்டத்துக்குள் உட்காரும் பிளைண்ட் என்றால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து அதில் சின்னதை எடுக்கவேண்டும், பழைய வீட்டில் மூன்றும் ஒன்றாக இருக்கவே இருக்காது. துணித்திரை என்றால் ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு பங்கு துணி, நாலடி ஜன்னலுக்கு எட்டடி. குறைத்தால் பலகை மாதிரி தொங்கும், கடைக்காரர் ஒன்றரைப் பங்கு போதும் என்றால் மடிப்பு விழுகிறதா என்று அங்கேயே பிடித்துப் பாருங்கள். துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒருதரம் நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள், பருத்தி என்றால் சுருங்கும்.