குட்டி கடிக்கிறதா? முதலில் தூங்க வையுங்கள்

போன வாரம் நம் சிங்கப்பூர்க் குழுவில், “பெரிய ஜாதி நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்” என்று எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி கடியைப் பற்றித்தான். நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஒரு ராட்வைலர், இரண்டு லாப்ரடார், இப்போது ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் என்று நாலு பேரிடம் கடி வாங்கியவள். அவ்வளவுதான் தகுதி.

அக்கா, எங்கள் கோல்டன் ரிட்ரீவர் குட்டிக்கு 10 வாரம். பகலெல்லாம் செல்லமாக இருக்கிறான். சாயங்காலம் 7 மணி ஆனால் பேய் பிடித்த மாதிரி கை, கால், சோபா என்று பாய்ந்து கடிக்கிறான். பூங்காவில் ஓடவிட்டுக் களைப்பாக்கலாமா? – சிராங்கூன் கார்டன்ஸ்

அவன் ஏற்கெனவே களைத்துப்போய்த்தான் கடிக்கிறான். கைக்குழந்தைக்குத் தூக்கம் வந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்கும். நாய்க்குட்டிக்குத் தூக்கம் வந்தால் பல் வரும்.

இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். நம் வீடுகளில் அது எங்கே தூங்குகிறது? பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் தூக்கிக் கொஞ்சுவார்கள். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்ப்பார். அப்பா வேலை முடிந்து வந்ததும் அவர் பங்குக்கு எழுப்பி விளையாடுவார். 7 மணிக்குக் குட்டி நாலு மணி நேரமாக விழித்திருக்கும். என் ஷெப்பர்ட் வந்த புதிதில், எப்போது தூங்கினான் எப்போது எழுந்தான் என்று குளிர்பதனப் பெட்டிமேல் ஒரு தாளை ஒட்டி இரண்டு நாள் எழுதிப் பார்த்தேன். கூட்டினால் 11 மணி நேரம்தான் வந்தது. அதுவரை நானும் “இவன் முரடன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் விழிப்பு, பிறகு கூண்டிலோ வேலி போட்ட மூலையிலோ தூக்கம். கூண்டின் மூன்று பக்கமும் துணி போடுங்கள், மின்விசிறியைப் போடுங்கள், நம் வெக்கைக்கு அது கட்டாயம். முதல் சில நாள் பத்து நிமிடம் சிணுங்கும். கழிப்பறைத் தேவை முடிந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருங்கள், அடங்கிவிடும்.

ஓடவிடுவது இப்போது வேண்டாம். பெரிய ஜாதிகளுக்கு எலும்பு வளர்ந்து முடிய ஒரு வருடத்துக்கு மேலாகும், நீண்ட ஓட்டம் மூட்டைக் கெடுக்கும். தடுப்பூசியும் முடிந்திருக்காது. மற்ற நாய்கள் நடமாடும் புல்லில் இறக்கிவிடாமல் கையில் தூக்கிக்கொண்டு பேருந்தையும் மனிதர்களையும் காட்டுங்கள். இன்னும் இரண்டு மாதத்தில் உங்களால் தூக்க முடியாது.

கடித்தவுடன் “ஆவ்” என்று கத்தினால் நிறுத்திவிடும் என்று யூடியூபில் பார்த்தேன். எங்கள் லாப்ரடார் கத்தினால் இன்னும் வேகமாக வருகிறது. – பிடோக்

சில குட்டிகளுக்கு அது வேலை செய்யும். சிலவற்றுக்கு அந்தச் சத்தம் கீச்சென்று கத்தும் பொம்மை மாதிரி, குஷியாகிவிடும். என் இரண்டாவது லாப்ரடார் அந்த வகை.

குட்டிக்குப் பிடித்தது நீங்கள்தான். அதனால் பல் தோலில் அழுந்தியதும் நீங்கள் காணாமல் போக வேண்டும். பேசாதீர்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் துரத்தும். எழுந்து தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நில்லுங்கள். 20, 30 விநாடி போதும். ஐந்து நிமிடம் ஆனால், ஏன் போனீர்கள் என்பதே அதற்கு மறந்துவிடும். திரும்பி வரும்போது கையில் கயிறு பொம்மை இருக்கட்டும், அதைக் கடித்தால் தாராளமாகப் பாராட்டுங்கள். ஒரு சாயங்காலத்தில் இதைப் பதினைந்து தடவை செய்ய வேண்டியிருக்கும். எரிச்சல் வரும், தெரியும்.

முதலில் வலிக்கிற கடிக்கு மட்டும் எழுந்து போங்கள். அது குறைந்த பிறகு லேசான கடிக்கும். வாயின் பலத்தை அடக்கக் கற்பதுதான் முதல் பாடம். கூடப்பிறந்த குட்டிகள் அதைத்தான் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுக்கும். 8 வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றிருக்கும், உங்களுக்கு வேலை கூடுதல்.

என் மாமியார் வீட்டில் புடவைதான் கட்டுவார். ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி முந்தானையிலும் கொசுவத்திலும் தொங்குகிறது. “ஊரில் நாலு போடு போட்டால் அடங்கும்” என்கிறார். – அப்பர் தாம்சன்

ஆட்டு மந்தையை மேய்க்க உருவாக்கப்பட்ட ஜாதி அது. ஆடி ஆடிப் போகும் புடவை விளிம்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இரு என்றால் எப்படி இருக்கும்?

அத்தையிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: அடித்தால் இன்றைக்கு அடங்கும், நாளைக்குக் கை வந்தாலே பயந்து கடிக்கும். இப்போது 8 கிலோ, வளர்ந்தால் 35 கிலோ. பயந்த பெரிய நாய் வீட்டில் இருப்பது யாருக்கும் நல்லதல்ல.

குட்டி புடவையைப் பிடித்தால் அவர் அப்படியே நிற்கட்டும். அசையாத புடவை சுவாரசியம் இல்லாதது. வீட்டுக்குள்ளேயே குட்டியின் கழுத்துப்பட்டையில் இலேசான ஒரு வாரைக் கட்டி இழுத்துக்கொண்டு திரிய விடுங்கள், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். அதைப் பிடித்து விலக்கலாம், கை வாய்க்கருகே போகாது. இன்னொன்று, அத்தை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டைக் கையாலேயே ஒவ்வொன்றாக ஊட்டட்டும், அது கீழே உட்கார்ந்தால் மட்டும். எங்கள் வீட்டில் நாயைத் தொடமாட்டேன் என்ற என் அம்மா, பத்தே நாளில் “இவன் சாப்பிட்டானா” என்று கேட்க ஆரம்பித்தார்.

மூக்கில் தட்டலாமா? வாயை இறுக்கிப் பிடிக்கலாமா? மல்லாக்கப் போட்டு அமுக்கலாமா? – ஈசூன்

மூன்றும் வேண்டாம்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். எங்களிடம் கடிப்பதில்லை, பணிப்பெண்ணைத்தான் கடிக்கிறது. ஏன்? – புக்கிட் தீமா

பகலில் அவரோடுதானே பத்து மணி நேரம் இருக்கிறது. உங்களிடம் வரும்போது விளையாட்டு, அவரிடம் இருக்கும்போது துடைப்பமும் ஈரத் துடைப்பானும். இரண்டும் குட்டிக்குப் பொம்மை.

ஒரு சங்கடமான கேள்வி: அவருக்கு நாய் என்றால் பயமா என்று யாராவது கேட்டீர்களா? சமயக் காரணத்தால் நாயின் எச்சில் மேலே படக்கூடாது என்று இருப்பவர்களும் உண்டு. அதை வேலைக்கு எடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். அவர் கையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினால் குட்டி அதை விளையாட்டு என்று நினைத்துத் தாவும். அவர்மேல் தப்பு இல்லை. நாயைப் பார்த்துக்கொள்ள அவருக்குச் சம்மதம் என்றால் வாரக் கடைசியில் அரை மணி நேரம் மூவரும் சேர்ந்து பழகுங்கள், ஒரே சொற்கள், ஒரே விதி. வீடு துடைக்கும் நேரத்தில் குட்டி வேலிக்குள் இருக்கட்டும். சம்மதம் இல்லை என்றால் பகல் நேரத்துக்கு வேறு ஏற்பாடு பாருங்கள்.

4 மாதக் குட்டி. பல் விழுகிறது, மேசைக் காலைத் தின்கிறது. கடிக்க என்ன கொடுக்கலாம்? – காத்தோங்

பால்பல் 28, நிரந்தரப் பல் 42. 4 மாதத்தில் மாறத் தொடங்கி ஏறத்தாழ 7 மாதத்துக்குள் முடியும். ஈறு நமநமக்கும், பாவம்.

குட் மார்னிங் துண்டு இருக்கிறதல்லவா, அதை நனைத்து, முறுக்கி, ஒரு முடிச்சுப் போட்டு உறையவையுங்கள். கோப்பிக் கடைக்காரர் தோளில் போடுவது அதே துண்டுதான். இதைவிட மலிவான மருந்து நான் பார்த்ததில்லை. இழை பிரியும்போது எடுத்துவிடுங்கள். அதில் இரண்டு சொட்டு ரத்தக்கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் பொம்மையில் இனிப்பில்லாத தயிரை அடைத்து உறையவைத்தும் கொடுக்கலாம். கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், நகம் பதியாத அளவு கெட்டியான எதுவும் பல்லை உடைக்கும். சமைத்த கோழி எலும்பு கூடவே கூடாது. திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் நஞ்சு. தீபாவளிப் பலகாரத் தட்டை எட்டாத இடத்தில் வையுங்கள்.

பழைய கோரைப்பல் விழாமல் பக்கத்திலேயே புதுப்பல் முளைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகன் கையில் பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. ரேபிஸ் ஊசி போட வேண்டுமா? மாமா மஞ்சள் வைக்கச் சொல்கிறார். – பொங்கோல்

மஞ்சளும் வேண்டாம், காப்பித்தூளும் வேண்டாம். ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். ஆழமாக இருந்தாலோ வீங்கிச் சிவந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். கைக்கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேட்பார். சிங்கப்பூரில் 1953 முதல் நாய்களிடம் ரேபிஸ் இல்லை. ஜொகூரிலோ ஊருக்குப் போன இடத்திலோ கடித்தால் கதை வேறு, கழுவிய கையோடு அன்றைக்கே மருத்துவமனை.

சாப்பாட்டுத் தட்டருகே போனால் உடம்பை விறைத்துக்கொண்டு உறுமுகிறது. இதுவும் விளையாட்டுக் கடியா? – செம்பவாங்

இல்லை. விளையாட்டில் உடம்பு தளர்ந்திருக்கும், பின்பகுதி முழுக்க ஆடும். விறைப்பு, வெறித்த பார்வை, உறுமல் மூன்றும் சேர்ந்தால் “கிட்டே வராதே” என்று அர்த்தம். உறுமியதற்குத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். தட்டை எடுத்து மிரட்டிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிட்டு, அடிக்காமல் பழக்கும் ஒரு பயிற்சியாளரை நேரில் அழையுங்கள். இதை எழுத்தில் சரிசெய்ய முடியாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் லாப்ரடார் வளர்க்கலாமா? – தோ பாயோ

முடியாது. அங்கீகரித்த சிறிய ஜாதிப் பட்டியலில் அது இல்லை. “குட்டியாகத்தானே இருக்கிறது” என்று வாங்கிவிட்டுப் பிறகு வீடு தேடுவது நாய்க்குச் செய்யும் துரோகம்.

கடியை நிறுத்த வாய்மூடி போடலாமா? எப்போதுதான் நிற்கும்? – சிலேத்தார்

கடிக்குத் தண்டனையாக வாய்மூடி வேண்டாம். ஆனால் ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், டாபர்மேன் போன்றவற்றுக்குப் பொது இடத்தில் வாரும் வாய்மூடியும் சட்டப்படி கட்டாயம். ஆகவே கூடை மாதிரியான வாய்மூடிக்குள் தின்பண்டம் வைத்து, அதுவாகவே மூக்கை நுழைக்கக் குட்டியிலேயே பழக்குங்கள்.

பல் மாறி முடிந்ததும் கடி பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்குள் ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறுவாரம் பழையபடி ஆகும். என் ஷெப்பர்டுக்கு இப்போது 3 வயது. மாத்திரை கொடுக்க வாய்க்குள் விரலை விட்டால், விரலை நாக்கால் மெல்ல ஒதுக்கிவிட்டு மாத்திரையை மட்டும் துப்புகிறான்.