டிசம்பர் 16: தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் உரிமை கொண்டாடிய ஒரு தேதி

கேள்வி இதுதான்: "ஆண்டுகள் மாறினாலும் ஒரே தேதியில் திரும்பத் திரும்பப் பெரிய நிகழ்வுகள் நடந்த நாள் ஏதாவது நீங்கள் வாழும் நாட்டில் உண்டா?"

உண்டு. டிசம்பர் 16. நான் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து மணமாகி டர்பனுக்கு வந்தவள். சாட்ஸ்வொர்த்தில் புகுந்த வீடு. வந்த புதிதில் இந்தத் தேதி எனக்கு வெறும் விடுமுறைதான். பள்ளிகள் மூடியிருக்கும், கட்டடத் தொழிலாளர்களுக்கு ஆண்டு விடுப்பு தொடங்கியிருக்கும், ஜோகன்னஸ்பர்க் கார்கள் எல்லாம் டர்பன் கடற்கரையில் வந்து நிற்கும். பல ஆண்டுகளில் மார்கழியும் இதே நாளில்தான் பிறக்கும், ஆனால் இங்கே அது கொளுத்தும் கோடை. பனியில்லாத மார்கழிக்கு நான் இன்னும் பழகவில்லை.

என் அத்தை, அதாவது கணவரின் அம்மா, சொல்லித்தான் இந்த நாளின் கனம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. அவருடைய இளவயதில் இந்த நாளில் சினிமா கிடையாது, விளையாட்டுப் போட்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போல ஊரே அடங்கிக் கிடக்க வேண்டும் என்பது சட்டம். "யாரோ செய்த சத்தியத்துக்கு நாங்க ஏன் வாயைப் பொத்திக்கிட்டு உட்காரணும்?" என்று கேட்பார். அந்தச் சத்தியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1838. கேப் பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சி பிடிக்காமல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குள் கிளம்பிய டச்சு வழிக் குடியேறிகளை ஃபோர்ட்ரெக்கர் என்பார்கள். அவர்களில் ஒரு பிரிவின் தலைவர் பீட் ரெட்டீஃப். நிலம் கேட்டு ஜூலு மன்னர் டிங்கானேயிடம் போன அவரும் அவருடைய ஆட்களும் அந்த ஆண்டு பிப்ரவரியில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்க ஆண்ட்ரீஸ் பிரிட்டோரியஸ் தலைமையில் சுமார் 470 பேர் கிளம்பினார்கள். வெற்றி கிடைத்தால் அந்த நாளை என்றென்றும் கடவுளுக்கான ஓய்வு நாளாக வைப்போம் என்று வழியில் சத்தியம் செய்தார்கள். டிசம்பர் 16 அன்று இன்கோமே ஆற்றங்கரையில் வண்டிகளை வட்டமாகக் கட்டி நிறுத்தி, உள்ளேயிருந்து துப்பாக்கியும் பீரங்கியும் சுட்டார்கள். எதிரே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலு வீரர்கள், கையில் ஈட்டியும் கேடயமும். சுமார் 3,000 ஜூலுக்கள் இறந்தார்கள். வண்டிக்குள் இருந்தவர்களில் மூன்று பேருக்குக் காயம், அவ்வளவுதான். ஆற்று நீர் சிவந்ததால் குடியேறிகள் அதற்கு ரத்த ஆறு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இந்தத் தேதியை யாரும் சும்மா விடவில்லை. நான் சொல்ல வருவதும் இதுதான். பின்னால் நடந்தவற்றில் பெரும்பாலானவை தற்செயலாக இந்த நாளில் விழுந்தவை இல்லை. ஒரு தரப்பு தன் வெற்றியை இந்த நாளில் பொறித்து வைத்தது, இன்னொரு தரப்பு அதற்கான பதிலையும் இதே நாளிலேயே கொடுத்தது. இடையில் வந்து சேர்ந்த நம் ஆட்களும் இதற்குள் இருக்கிறார்கள். நம்மவர்களே அதைப் பெரும்பாலும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

இந்த டச்சு வழிக் குடியேறிகளைப் போயர் என்றும் சொல்வார்கள். 1880 டிசம்பர் 16 அன்று ஆங்கிலேயருக்கு எதிரான முதல் போயர் போரின் முதல் குண்டு பொச்செஃப்ஸ்ட்ரூமில் வெடித்தது. தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவான 1910-லேயே இது டிங்கான் நாள் என்ற பெயரில் நாடு முழுவதற்குமான விடுமுறையானது. 1952-ல் உடன்படிக்கை நாள், 1980-ல் சத்திய நாள் என்று பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. இவற்றை விட எனக்கு முக்கியமாகத் தோன்றும் ஆண்டு 1913. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

இரண்டாம் போயர் போரில் ஆங்கிலேயர் போயர் பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தார்கள். பசியாலும் நோயாலும் 26,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். அவர்களுக்காகப் புளூம்ஃபோன்டைனில் கட்டிய பெண்கள் நினைவுச் சின்னம் 1913 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டது. திறந்து வைக்க அழைக்கப்பட்டவர் எமிலி ஹாப்ஹவுஸ். ஆங்கிலேயப் பெண்மணி, ஆனால் அந்த முகாம்களின் கொடுமையைத் தன் நாட்டு மக்களுக்கே எடுத்துச் சொன்னவர். கேப் டவுனிலிருந்து ரயிலில் கிளம்பியவர் வழியில் உடல்நிலை மோசமாகி போஃபோர்ட் வெஸ்டோடு திரும்பிவிட்டார். ஆனால் எழுதிய உரையை அனுப்பி வைத்தார். கறுப்பின மக்களும் இதே போரில் தனி முகாம்களில் அடைக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் இறந்தார்களே, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத சண்டையில் மாண்ட அவர்களையும் நினைப்பதுதானே நியாயம் என்று அதில் கேட்டிருந்தார். 1913-ல், வெள்ளையர்களுக்கான ஒரு மேடைக்காக இப்படி எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இப்போது அதே ஆண்டில் நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் தங்கிய இந்தியர்கள் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று அந்த ஆண்டு ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து புறப்பட்ட பெண்களில் பலர் தமிழச்சிகள். நியூகாசிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள், அக்டோபரில் வேலைநிறுத்தம் வெடித்தது. நியூகாசிலும் டண்டீயும் இன்கோமே ஆறு ஓடும் அதே வட நேட்டால் வட்டாரம்தான். 75 ஆண்டுக்கு முன் அந்தப் போர் நடந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே, தமிழும் தெலுங்கும் பேசிய சுரங்கத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு நடந்தார்கள்.

காந்தியைக் கைது செய்து எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? அதே புளூம்ஃபோன்டைன் சிறைக்கு. அந்த ஊர் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கவே சட்டம் அனுமதிக்கவில்லை, அதனால் அவரைப் பார்க்கவோ சேதி கொண்டுபோகவோ யாரும் இருக்க மாட்டார்கள் என்பது கணக்கு. டிசம்பர் 18-ல்தான் விட்டார்கள், சின்னம் திறந்து இரண்டே நாள் கழித்து. டிசம்பர் 22 அன்று, அதே போராட்டத்தில் இறங்கிய தில்லையாடி வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்து, அம்மாவோடு சேர்த்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைத்தார்கள். 1914 பிப்ரவரி 22 அன்று, காய்ச்சலோடு வெளியே வந்த அந்தப் பெண் இறந்தாள். வயது பதினாறு.

தில்லையாடி எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். வள்ளியம்மை அங்கே பிறந்து இங்கே போராட வந்தவள் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருப்போம். அவள் பிறந்ததே ஜோகன்னஸ்பர்க்கில்தான். கல்லறையும் அங்கேதான், பிராம்ஃபோன்டைனில். தில்லையாடி அவளுடைய அம்மாவின் ஊர்.

1914 ஜனவரியில் காந்திக்கும் அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் நடுவில் சமாதானம் பேச உதவியவர்களில் ஒருவர் யார் என்றால், சின்னத்தைத் திறக்க வர முடியாமல் கேப் டவுனில் படுத்திருந்த அதே ஹாப்ஹவுஸ். போர்க்காலத்திலிருந்து போயர் தலைவர்களுக்கு அவர் மேல் பெரிய மரியாதை. அதை வைத்து இந்தியர்களுக்காக ஸ்மட்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டின் நடுவில் வந்த சட்டத்தில் மூன்று பவுண்டு வரி போயிற்று, நம் திருமணங்களும் செல்லும் என்று ஆயிற்று. 1926-ல் ஹாப்ஹவுஸ் இறந்த பிறகு அவருடைய அஸ்தியை அந்தச் சின்னத்தின் அடியிலேயே வைத்தார்கள். எங்கள் பகுதிக் குழந்தைகளுக்கு வள்ளியம்மை கதையைச் சொல்லும்போது இந்த அம்மாவின் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, அடுத்ததுக்கு வருவோம். 1930 டிசம்பர் 16. கறுப்பின மக்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் என்ற அனுமதிச் சீட்டுகளைக் கொளுத்த டர்பனில் ஒரு கூட்டம் கூடியது. போலீஸ் தாக்கியது. அதை முன்னின்று நடத்திய இளைஞர் ஜோஹன்னஸ் இன்கோசி உயிரிழந்தார். வெள்ளையர்கள் டிங்கானேயின் தோல்வியைக் கொண்டாடும் அதே நாளில் நாங்கள் இதைச் செய்கிறோம் என்பதுதான் அந்தக் கூட்டத்தின் பொருளே. 1943-ல் இதே நாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் புளூம்ஃபோன்டைன் மாநாட்டில் தன் உரிமைச் சாசனத்தை ஏற்றது. எல்லோருக்கும் விடுமுறை என்பதால் மாநாட்டுக்கும் இந்த நாள் தோதாக இருந்தது.

மறுபக்கம், பிரிட்டோரியாவில் ஃபோர்ட்ரெக்கர் நினைவகத்துக்கு 1938 டிசம்பர் 16 அன்று அடிக்கல், 1949-ல் அதே தேதியில் திறப்பு விழா. ஆண்டுதோறும் இந்த நாளில் நடுப்பகலில் கூரைத் துளை வழியாகச் சூரிய ஒளி உள்ளேயிருக்கும் கல்மேடையில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். இனஒதுக்கலைக் கொள்கையாக அறிவித்து ஆட்சிக்கு வந்த பிரதமர் மலான் அதைத் திறந்தார். அதே ஆண்டு ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர் இந்தியர் கலவரத்தில் 142 பேர் இறந்திருந்தார்கள். அத்தையின் குடும்பம் அப்போது கேட்டோ மேனரில் இருந்தது. அந்த நாட்களைப் பற்றி வீட்டில் யாரும் விரும்பிப் பேசுவதில்லை. அப்புறம் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அள்ளிக் கொண்டுவந்து போட்டது.

1961 டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுதுலி அமைதிக்கான நோபல் பரிசை வாங்கினார். அதே வாரம், டிசம்பர் 16 அன்று, உம்கோந்தோ வே சிஸ்வே என்ற ஆயுத அமைப்பு தன் பிறப்பை அறிவித்தது. மண்டேலா அதன் தளபதி. முந்தைய ஆண்டு ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, காங்கிரஸும் தடை செய்யப்பட்டிருந்தது. இனி பணிவது அல்லது போராடுவது, இரண்டில் ஒன்றுதான் என்று துண்டறிக்கையில் எழுதினார்கள். அரசு அலுவலகங்கள், மின் கட்டமைப்புகள்தான் குறி, உயிருக்குச் சேதம் கூடாது என்பது கட்டளை. ஆனாலும் சொந்தக் குண்டு வெடித்து பீட்ரஸ் மொலேஃபே என்ற வீரர் அன்றே இறந்தார். வன்முறையை நான் கொண்டாடவில்லை. ஐம்பது ஆண்டுகள் மனுக் கொடுத்தும் ஊர்வலம் போயும் பார்த்தவர்கள் அவர்கள் என்பதை மறந்துவிட்டு அதை எடைபோடவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்த அமைப்பில் சேர்ந்து 1963-ல் பிடிபட்டு, ராபன் தீவுச் சிறையில் 10 ஆண்டுகள் இருந்தவர் இந்திரஸ் நாயுடு. அவருடைய தாத்தா யார்? 1913 போராட்டத்தில் காந்திக்கு வலக்கையாக இருந்தவரும், மொரீஷியஸில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் தமிழ்ச் சங்கத் தலைவராக இருந்தவருமான தம்பி நாயுடுதான். தாத்தா அறவழி, பேரன் ஆயுதம், இருவருக்கும் கிடைத்தது சிறை. டர்பன் பக்கம் பில்லி நாயர் இதற்காகவே 20 ஆண்டுகள் உள்ளே இருந்தார். டிசம்பர் 16 ஆப்பிரிக்கருக்கும், போயர் வழி வந்த ஆஃப்ரிக்கானருக்கும் இடையிலான விஷயம் என்று யாராவது என்னிடம் சொன்னால் இந்தப் பெயர்களைத்தான் எடுத்து வைப்பேன்.

1994-ல் இனஒதுக்கல் முடிந்து ஆட்சி மாறியபோது இந்த விடுமுறையைத் தூக்கிவிட்டிருக்கலாம். யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அதைத் தூக்காமல், நல்லிணக்க நாள் என்று மாற்றி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் முதன்முதலாக வந்த 1995 டிசம்பர் 16 அன்றே, இனஒதுக்கல் காலக் கொடுமைகளை விசாரிக்க அமைத்த, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் முதல் கூட்டத்தைக் கேப் டவுனில் நடத்தியது. 2013-ல் மண்டேலாவை அடக்கம் செய்த மறுநாள் இதே தேதி. பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகத்தின் முன்னால், இரு கைகளையும் விரித்தபடி நிற்கும் ஒன்பது மீட்டர் சிலையை அன்று திறந்தார்கள்.

பெயர் மாறியதால் மனம் மாறிவிட்டதா என்றால், எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன், இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஃபீனிக்ஸ் நம்மவர்கள் அதிகம் வாழும் இடம். காந்தி ஆசிரமம் வைத்த இடத்தை ஒட்டிய ஊர். கடைகளைக் காக்க நின்ற சாதாரண மனிதர்களின் பயம் எனக்குப் புரியும். ஆனால் செத்தவர்களின் தாய்மார்களையும் நாம் நினைக்க வேண்டும். அது நடந்த பிறகு எங்கள் கோவில் பெண்கள் சிலர் டிசம்பர் 16 அன்று பக்கத்து ஜூலு குடியிருப்புப் பெண்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறோம். பெரிய பேச்சு ஏதும் கிடையாது. பீன்ஸ் கறியும் சோறும், அவர்கள் கொண்டுவரும் சோளக் களியும்.

இங்கே வந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். போர் நடந்த இடம் டண்டீக்கும் ஃப்ரைஹைட்டுக்கும் இடையில் இருக்கிறது. ஆற்றின் ஒரு கரையில் வெண்கலத்தில் வார்த்த 64 வண்டிகள் வட்டமாக நிற்கும். எதிர்க்கரையில், 1998-ல் ஜூலு வீரர்களுக்காகத் தனிச் சின்னம் வைத்தார்கள், அங்கேயே அருங்காட்சியகமும் இருக்கிறது. இடையில் பல ஆண்டுகள் நேர்வழி கிடையாது. 2014-ல், தேதி நீங்களே ஊகித்திருப்பீர்கள், நடைபாலம் திறந்தார்கள். டிசம்பரில் அந்தப் பக்கம் மத்தியானம் இடி மழை வரும், அதனால் காலையிலேயே போய் இரண்டு கரையையும் பார்த்துவிடுங்கள்.